காற்றைச் சக்கரத்தில் அடைத்த கால்நடை மருத்துவர்

கடந்த டிசம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. பாட்டியின் இரத்தப் பரிசோதனைக்காக அவரை அழைத்துக்கொண்டு ஜாசினிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு என் பழைய கஞ்சிலில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. சாலையில் தேங்கியிருந்த தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டே போய், ஓரத்துப் புல்மேட்டில் ஏறி நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அது எங்கள் நல்ல காலம்.

பாட்டிக்கு அடி எதுவும் படவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

பரிசோதனை முடிந்ததும் வழியில் இருந்த ஒரு டயர் கடையில் காரை நிறுத்தினேன். கடைக்கார அண்ணன் டயரின் பள்ளங்களைப் பார்த்தார். டயர் தேயவில்லை என்றார். பிறகு காரை நிழலில் நன்றாக ஆற விட்டுக் காற்றழுத்தத்தை அளந்தார். முன் டயர்கள் இரண்டிலும் 170 கிலோபாஸ்கல் அளவே இருந்தது. இருக்க வேண்டியது 220. கடைசியாக எப்போது காற்று அடித்தாய் என்று கேட்டார். ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது, பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், நல்ல வெயிலில் அடித்தேன் என்றேன். ஓடிச் சூடான டயரில் 220 காட்டினால் அது 220 ஆகாது தம்பி என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார்.

நண்பர்களே, எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலுக்கு ‘ஏ’ வாங்கியவன் நான். படிவம் 4 பாடநூலில் வாயு விதிகளை மனப்பாடம் செய்து, கணக்குகளைப் பிழையின்றிப் போட்டவன். அதே விதி என் காரின் நான்கு சக்கரங்களுக்குள்ளும் இருக்கிறது என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிரவு டயரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பு என்னை ஒரு மனிதரின் வாழ்க்கைக்குக் கொண்டுபோனது. அவர் பெயரை நாம் எல்லோரும் டயர்களில் பார்த்திருப்போம். அவர்தான் ஜான் பாய்ட் டன்லப்.

ஒரு டிகிரிக்கு ஒரு கிலோபாஸ்கல்

அவர் கதைக்குப் போகும் முன், டயருக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

அடைபட்ட காற்று சூடானால் அதன் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும். பாடநூலில் இதைக் கே-லுசாக் விதி என்று படித்தோம். ஆனால் அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1700களின் தொடக்கத்தில், பாரிஸ் நகரில் வாழ்ந்த கியோம் அமோந்தோன் இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். சிறுவயதிலேயே காது கேட்கும் திறனை இழந்தவர் அவர்.

டயருக்குக் கணக்குப் போடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அளவி காட்டும் 220 என்பது வெளிக்காற்றைவிட டயருக்குள் எவ்வளவு கூடுதல் என்பது மட்டுமே. வெளிக்காற்றின் 101 கிலோபாஸ்கலையும் சேர்த்தால் உள்ளே இருப்பது 321. வெப்பநிலையையும் கெல்வினில்தான் போட வேண்டும். பிற்பகல் 33 டிகிரி என்பது 306 கெல்வின். 321ஐ 306ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 வருகிறது. அதாவது ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல் குறையும். தேர்வுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். கார் ஓட்டுகிறவர்கள் அவசியம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் 20 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக்கு இறங்கினால், ஒரு துளி காற்றுகூட வெளியேறாமலே டயரில் 30 கிலோபாஸ்கல் போய்விடும். அதனால்தான் குளிர்காலம் தொடங்கியதும் அங்கே டயரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். நம் மலாக்காவில் பனி இல்லை. பிற்பகலுக்கும் மழைக்கால விடியலுக்கும் வித்தியாசம் 9 அல்லது 10 டிகிரிதான். பிறகு எனக்கு ஏன் 50 குறைந்தது?

நான் காற்று அடித்த பிற்பகலில், நெடுந்தூரம் ஓடிய டயருக்குள் வெப்பம் 50 டிகிரி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். விடியலில் அது 24 டிகிரிக்கு இறங்கியதும் ஏறத்தாழ 26 கிலோபாஸ்கல் குறைந்துவிட்டது. இன்னொரு காரணம், ரப்பர் முழுமையான அடைப்பு அல்ல. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறத்தாழ 7 கிலோபாஸ்கல் கசிந்துவிடும். மூன்று மாதத்தில் 21. இரண்டையும் கூட்டினால் கடைக்கார அண்ணன் அளந்த எண்ணுக்கு அருகே வந்துவிடுகிறது. காற்று குறைந்த டயர், சாலையில் தேங்கிய நீரை விலக்கித் தள்ளும் வலுவை இழக்கிறது. குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்குகிறது. அன்று காலை நடந்தது அதுதான்.

இவ்வளவு தொல்லை தரும் காற்றைச் சக்கரத்துக்குள் அடைத்தது யார்? ஏன்?

பண்ணை வீட்டுப் பிள்ளை

ஜான் பாய்ட் டன்லப் 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் வட்டாரத்தில் டிரெகார்ன் என்ற ஊரில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்த குழந்தை என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அதனால் தனக்கு உடல்பலம் குறைவு என்ற எண்ணம் வாழ்நாள் முழுதும் அவரிடம் இருந்தது. உடம்பைப் பார்த்துப் பார்த்துக் காத்துக்கொண்டார். உண்மையில் பெரிய நோய் எதுவும் இல்லாமல் 81 வயதுவரை வாழ்ந்தார்.

பண்ணையில் கனமான வேலை செய்ய முடியாத பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று, இருபது வயதுக்குள் தகுதி பெற்றுவிட்டார். இன்று நாம் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு விண்ணப்பத்தை நிரப்பும் வயதில் அவர் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1867இல் அவர் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். முதலில் டவுன்பேட்ரிக் என்ற ஊரில் தம் சகோதரருடன் சேர்ந்து மருத்துவமனை நடத்தினார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகருக்கு வந்தார். 1871இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார்; ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். பெல்ஃபாஸ்டில் அவருடைய தொழில் நன்றாக வளர்ந்தது. 1880களின் நடுவில், அயர்லாந்திலேயே பெரிய கால்நடை மருத்துவ நிலையங்களில் ஒன்று அவருடையது.

அந்தக் காலத்துப் பெல்ஃபாஸ்டில் சாமான் இழுப்பது முழுக்க குதிரைதான். வீதிகள் கல் பாவியவை. வண்டிச் சக்கரம் மரத்தாலானது. அதைச் சுற்றி இரும்புப் பட்டை. நாள்தோறும் குதிரைகளைப் பார்த்தவருக்கு, அந்தச் சக்கரங்கள் கல்லில் மோதும் ஒவ்வொரு அதிர்ச்சியும் வண்டியை இழுக்கும் பிராணியிடம் போய்ச் சேர்வதைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் பொறியியல் படித்தவர் அல்ல. சைக்கிள் ஓட்டும் பழக்கமும் அவருக்கு இல்லை. ஆனால் தொழிலுக்காக ரப்பரைக் கையாண்டு பழக்கம் உண்டு. அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது.

மூன்று சக்கர வண்டி

அவருடைய மகன் ஜானிக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அக்காலத்துச் சைக்கிள்களுக்குக் கெட்டியான ரப்பர் பட்டைதான் டயர். கல் வீதியில் ஓட்டினால் உடம்பு முழுதும் குலுங்கும். பையன் குறைப்பட்டுக்கொண்டான். தகப்பன் கேட்டுக்கொண்டார். வரலாற்றில் பல பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் போரும் வணிகமும் இருக்கும். இதன் பின்னால் இருந்தது ஒரு பிள்ளையின் முறையீடு.

டன்லப் வட்டமான ஒரு மரப்பலகையை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர் தகட்டால் ஒரு குழாய் செய்து, பலகையின் விளிம்பைச் சுற்றிப் பொருத்தினார். அதன்மேல் துணியைச் சுற்றி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் குழாயை ஊதினார். பிறகு மகனின் வண்டியிலிருந்து ஒரு பழைய சக்கரத்தைக் கழற்றினார். வீட்டு முற்றத்தில் முதலில் ஒன்றை, பிறகு மற்றொன்றை உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி வழியில் தள்ளாடி விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து, கதவுத் தூணில் மோதித் திரும்பியும் வந்தது.

பள்ளிக்கூட ஆய்வறையில் நாம் செய்யும் சோதனைகளைவிட இது எளிமையானது. இரண்டு சக்கரம், ஒரே முற்றம், ஒரே கை. மாறியது காற்று ஒன்றுதான். ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

அடுத்து, மகனின் வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் செய்து மாட்டினார். 1888 பிப்ரவரி மாத இறுதியில் ஒருநாள் இரவு வேலை முடிந்தது. பையனுக்கு விடியும்வரை பொறுக்க முடியவில்லை. இரவிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வீதியில் ஓட்டிப் பார்த்தான். மறுநாள் காலை டயர்களைச் சோதித்தபோது அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

காற்று ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? கெட்டியான சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது வண்டி முழுவதையும் தூக்கியாக வேண்டும்; அதற்குச் செலவாகும் விசை வீணாகப் போகிறது. காற்று டயரோ கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. டயர் அந்த இடத்தில் மட்டும் அமுங்கி, கல்லைக் கடந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வண்டி நேராகப் போகிறது. ஆனால் இதற்குக் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். விசையும் எரிபொருளும் வீணாகும். நெடுந்தூரம் வேகமாக ஓடினால் டயர் வெடிக்கவும் கூடும். கூடினால் டயர் மறுபடியும் கெட்டிச் சக்கரம்போல் ஆகிவிடும்.

பந்தயமும் அடியும்

1888 டிசம்பர் 7ஆம் நாள் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் தடித்த அந்த டயர்களைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பை நிறுத்தியவர் வில்லி ஹியூம் என்ற பெல்ஃபாஸ்ட் சைக்கிள் வீரர். 1889 மே 18ஆம் நாள் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த பந்தயங்களில் காற்று டயர் பூட்டிய சைக்கிளில் இறங்கினார். கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் வென்றார். அடுத்து இங்கிலாந்தின் லிவர்பூலிலும் வெற்றி பெற்றார்.

பெல்ஃபாஸ்டில் தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்பவரின் மகன்களும் இருந்தார்கள். அவர் டப்ளின் நகரத்து வணிகர். அயர்லாந்து சைக்கிள் சங்கத் தலைவர். மகன்கள் தோற்றதற்குக் கோபப்படாமல், அவர்களைத் தோற்கடித்த டயரைப் பார்த்தார் அவர். அதே ஆண்டின் இறுதியில் டப்ளினில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. டன்லப் தம் காப்புரிமையை அதற்குக் கொடுத்து, பங்குகளைப் பெற்றுக்கொண்டார்.

பிறகுதான் அடி விழுந்தது. 1890இல் அவருடைய காப்புரிமை செல்லாது என்று தெரிய வந்தது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். டன்லப்புக்கு அப்போது வயது ஐந்து! தாம்சன் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் அதை ஓட்டியும் காட்டியிருந்தார். ஆனால் அந்நாளில் சைக்கிளும் பெருகவில்லை, காரும் பிறக்கவில்லை. நல்ல மெல்லிய ரப்பர் கிடைப்பதும் அரிதாக இருந்தது. தாம்சனின் சக்கரம் மறக்கப்பட்டுவிட்டது. அவரும் 1873இல் இறந்துபோனார். டன்லப் அவரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்.

இந்த இடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அமோந்தோன் கண்டதற்கு நாம் கே-லுசாக்கின் பெயரைச் சொல்கிறோம். தாம்சன் செய்ததற்கு டன்லப்பின் பெயரைச் சொல்கிறோம். அநியாயம் என்று முதலில் தோன்றியது. ஆனால் டன்லப்பின் டயர் மகனின் வண்டியோடு நின்றுவிடவில்லை. பந்தயத்துக்குப் போனது, தொழிற்சாலைக்குப் போனது, உலகமெங்கும் போனது. கண்டறிவது ஒரு வேலை. அதை எல்லோருக்கும் பயன்படும்படி செய்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை டன்லப்பும் தனியாகச் செய்யவில்லை. ஹியூம் ஓட்டினார், டு குரோஸ் முதல் போட்டார், டயரைச் சக்கரத்தில் பிடித்து நிறுத்தும் முறைகளை வேறு சிலர் கண்டார்கள். காப்புரிமை போன பிறகும் நிறுவனம் நிலைத்ததற்கு, அந்த வேறு சிலரின் காப்புரிமைகளை வாங்கியதுதான் காரணம்.

பெயர் போனது, ஆள் நின்றார்

1895இல் டன்லப் நிறுவனத்திலிருந்து விலகினார். மறு ஆண்டே அந்த நிறுவனம் 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. அந்தப் பெருஞ்செல்வம் டன்லப்பிடம் வரவில்லை. டன்லப் என்ற பெயரைத் தாங்கிய நிறுவனம் கார் டயர்கள் செய்து உலகப் புகழ் பெற்றபோது, டன்லப் என்ற மனிதருக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் டப்ளினில் ஒரு துணிக்கடைத் தொழிலில் ஈடுபட்டு, அமைதியாக வாழ்ந்தார்.

1921 அக்டோபர் 23ஆம் நாள் டப்ளினில் உள்ள தம் வீட்டில் காலமானார். காற்று டயரின் வரலாற்றை அவரே எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு மகள் அதை நூலாக வெளியிட்டார். பின்னாளில் வட அயர்லாந்து வங்கி ஒன்றின் 10 பவுன் தாளில் வெண்தாடியுடன் அவருடைய முகம் அச்சிடப்பட்டது.

மலாக்காவுக்கு வந்த கதை

இப்போது கதை நம் ஊருக்கு வருகிறது.

டன்லப் தம் மகனுக்கு டயர் செய்த 1888ஆம் ஆண்டில், உலகத்து ரப்பரில் பெரும்பகுதி தென் அமெரிக்கக் காடுகளில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்து வந்தது. அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக வந்து சேர்ந்தார். ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்டக்காரர்களை அவர் ஓயாமல் வற்புறுத்தினார். பெரும்பாலோர் கேட்கவில்லை, காப்பிதான் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. கேட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அவர் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். மலாக்கா நகரில் அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் இருக்கிறது.

கார் பெருகியது. காருக்கு டயர் வேண்டும்; டயருக்கு ரப்பர் வேண்டும்; ரப்பருக்குப் பால் வெட்டும் கைகள் வேண்டும். 1900களின் தொடக்கத்தில் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கானோரில் என் பாட்டியின் தாத்தாவும் ஒருவர். டன்லப் நிறுவனமும் 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. பெல்ஃபாஸ்டில் ஒரு பிள்ளையின் குலுக்கத்தைப் போக்கிய டயர்தான், பல கைகள் மாறி, என் குடும்பத்தை ஜாசினுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

டன்லப்பைப் பற்றிப் படித்ததைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் பதினான்கு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் போனவர். டன்லப் என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது; லயத்தில் ஒருவரின் சைக்கிள் டயரில் பார்த்ததாகச் சொன்னார். மற்றதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். குளிர்ந்தால் டயரில் காற்று இறங்குமா என்றார். ஆமாம் என்றேன். மரத்தில் அதற்கு நேர்மாறு என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். விடியுமுன் ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் நிரைக்குப் போய் உளியை வைத்துவிட வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால் பால் விரைந்து வந்து மங்கு நிறையும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் மரம் பிடித்துக்கொள்ளும், பால் குறையும். மழையில் நனைந்த மரத்தை வெட்ட முடியாது. அன்றைக்குச் சம்பளமும் குறையும்.

பிறகு நான் படித்துப் பார்த்தேன். பாட்டி சொன்னது முழுக்கச் சரி. இரவில் மரம் நீரை உறிஞ்சி நிறைத்துக்கொள்கிறது. விடியலுக்கு முன் பட்டையிலுள்ள பால் குழாய்களில் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு இருக்கும். என் கார் டயரில் இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் வெளியேறி, அந்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. இங்கே வேலை செய்வது வாயு விதி அல்ல, மரத்தின் நீர்க்கணக்கு. ஆனால் நாற்பது ஆண்டுகள் அழுத்தத்தை நம்பிப் பிழைத்தவர் என் பாட்டி. அளவி இல்லாமல், மங்கைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டவர். அவர் பெயர் எந்த டயரிலும் இல்லை. அவருடன் நிரையில் நின்ற எவர் பெயரும் இல்லை.

பெயரைப் பற்றி அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அவருடைய கவலை வேறு. இவ்வளவு படித்த நீ காரில் காற்று இருக்கிறதா என்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

நாம் செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் பழைய காரிலோ மோட்டாரிலோ போய் வருகிறோம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். எனவே நான் தாமதமாகக் கற்றதை நீங்கள் முன்னதாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது அதில் உள்ளது. முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறுபடலாம். மூட்டை முடிச்சுடன் ஆட்களையும் நிறைய ஏற்றினால் அதற்கும் தனி அளவு சில வண்டிகளில் உண்டு. அந்த எண் டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. குளிர்ந்த டயர் என்றால் பனியில் நனைந்த டயர் அல்ல. மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற டயர். ஆகவே மாதம் ஒருமுறையாவது காலையில், அருகிலுள்ள எண்ணெய் நிலையத்துக்கு மெதுவாக ஓட்டிப் போய் அளந்து அடியுங்கள். ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறிய பிறகு அது குறைந்துவிடும். பின்னால் கிடக்கும் மாற்று டயரையும் மறக்காதீர்கள்.

புதிய கார்களில் காற்று குறைந்தால் விளக்கு எரியும். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி கட்டாயம். ஆனால் அங்குள்ள விதிப்படி, காற்று 25 விழுக்காடு குறைந்தால்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். அன்று என் டயரில் குறைந்தது 23 விழுக்காடு. அந்த வசதி இருந்திருந்தாலும் விளக்கு எரியாமலே இருந்திருக்கலாம்.

டன்லப்பிடம் நான் கற்றது இதுதான். அவருக்கு விதி தெரிந்ததால் டயர் செய்யவில்லை. கண்ணெதிரே ஒரு பிள்ளை குலுங்குவதைக் கவனித்ததால் செய்தார். எனக்கு விதி தெரியும், கவனிக்கவில்லை.

இப்போதெல்லாம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜாசினில் உள்ள எண்ணெய் நிலையத்தில் என்னைப் பார்க்கலாம். பெரும்பாலும் பாட்டியும் உடன் வருவார். நான் குனிந்து ஒவ்வொரு டயராக அடித்து முடிக்கும்வரை காரைவிட்டு இறங்கி நின்று, எண் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். 220 என்று நான்கு முறை சொன்ன பிறகுதான் மீண்டும் காரில் ஏறுவார்.